வீட்டிலேயே கைவேலையும் பேக்கிங்கும்: சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கான முழுமையான தொடக்க வழிகாட்டி

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நான்கு வாரம். ஆண்டு இறுதி விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். நீச்சல் வகுப்பு, நூலகம், பாட்டி வீடு எல்லாம் போக மிஞ்சும் பிற்பகல்கள் நிறைய. அந்த நேரத்தில் பிள்ளை கையில் மாவையும் பசையையும் கொடுக்கலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இந்த வழிகாட்டி. பாலர் பள்ளி கடைசி வருடத்திலிருந்து தொடக்கநிலை நான்கு வரை படிக்கும், இதுவரை எதுவும் செய்து பார்க்காத பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இதில் உள்ளவற்றை ஒரே விதியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்: பிள்ளை தொடங்கியதைப் பிள்ளையே முடிக்க வேண்டும். காணொளிகளில் வரும் அழகழகான கைவேலைகளில் பாதி, பெரியவர் செய்து முடிக்கப் பிள்ளை பக்கத்தில் நிற்பதாக முடிந்துவிடும். சூடான பசைத் துப்பாக்கி, கூரான கத்தி, நுணுக்கமான ஐசிங் வேலை என்று வந்துவிட்டால் பொருள் அம்மா கைக்கு மாறிவிடுகிறது. பிள்ளைக்கும் அது தெரியும். ஆகவே இங்கே பெரியவர் கை படவேண்டிய இடம் நெருப்பும் மின்சாரமும் மட்டும்தான். மற்றதெல்லாம் பிள்ளையுடைய வேலை. கோடு கோணலாகப் போனாலும் போகட்டும்.

எந்த வயதில் எது

ஐந்து, ஆறு வயதில் கலப்பது, குலுக்குவது, உருட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் வரும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டவும் வரும். வளைவாக வெட்டக் கொஞ்ச நாள் ஆகும். ஏழு, எட்டு வயதில் எடை பார்ப்பது, முட்டை உடைப்பது, செய்முறையைத் தானே வாசிப்பது. ஒன்பது வயதுக்குமேல் முழு வேலையையும் ஒப்படைக்கலாம். ஓவன் கதவைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

வரிசை முக்கியம். முதல் நாளே கேக் வேண்டாம். கேக் சரியாக வரவில்லை என்றால் அதைத் திருத்த வழியில்லை. வண்ண அரிசியில் வண்ணம் குறைந்தால் இன்னும் இரண்டு சொட்டு விடலாம், பிஸ்கட் மாவு உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் நெய் விடலாம். தவறினால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலையில் தொடங்கிய பிள்ளைக்குப் பயம் வராது. கீழே உள்ளவற்றை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்

ஒரு மின்னணுத் தராசு வாங்குங்கள். மற்ற எதையும் விட இதற்குச் செலவழிப்பது நல்லது. வீட்டுக்கு வீடு கப் அளவு மாறும். அதே கப்பில் மாவை அமுக்கி அள்ளினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் ஓர் எடை. கிராம் மாறாது. பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவரும் பொத்தானைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் போதும், அப்புறம் தராசை விட்டு நகர மாட்டார்கள். 150 கிராம் வேண்டும், 138 இருக்கிறது, இன்னும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே கணக்கும் நடக்கும்.

மாவு, ஐசிங் சுகர், பேக்கிங் சோடா எல்லாம் ஃபேர்பிரைஸிலேயே கிடைக்கும். பேக்கிங் பொருள் பலவகை வேண்டும் என்றால் ஃபூன் ஹுவாட் கடைகளில் ஒரே இடத்தில் பார்க்கலாம். அட்டை, வண்ணத்தாள், அக்ரிலிக் வண்ணம் இவற்றுக்குப் பாப்புலர் புத்தகக் கடையும் டைசோவும் போதும். நெய், ரவை, கோலப்பொடி, அகல்விளக்குக்குத் தேக்கா. பேரங்காடியில் பிளெயின் ஃபிளவர் என்று விற்பதுதான் நம் மைதா. செல்ஃப் ரைசிங் மாவு என்பது பேக்கிங் பவுடர் ஏற்கெனவே சேர்த்த மைதா. இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்கும், அலமாரியில் மாற்றி எடுத்துவிட வேண்டாம்.

நம் ஊர்க் காற்று

வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே செய்தால் இங்கே சரிவராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரப்பதம். சிங்கப்பூர்க் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். ஆண்டு இறுதி விடுமுறையோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. வெள்ளைப் பசை காய நேரம் எடுக்கும், தாள் நெளியும், பிஸ்கட் இரண்டு மணி நேரம் வெளியில் இருந்தால் நமத்துப்போகும்.

அதனால் மூன்று பழக்கம். தாளோடு தாளை ஒட்டக் குச்சிப் பசையே போதும், நீர்த்த பசை வேண்டாம். காயவைக்க வேண்டியதைச் சன்னல் ஓரத்தில் வைக்காமல் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பிஸ்கட் முழுவதும் ஆறிய அடுத்த நிமிடமே டப்பாவுக்குள் போக வேண்டும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதுதான் சரி. எறும்புக்கும் அதுவே காவல்.

முதல் வேலை: வண்ண அரிசிக் கோலம்

சிங்கப்பூரில் ரங்கோலி என்றதும் நினைவுக்கு வருபவர் விஜயலட்சுமி மோகன். 2003இல் இங்கே அவர் போட்ட ரங்கோலி கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. நாம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் தொடங்குவோம். பொடியால் கோலம் இழுப்பது சின்ன விரலுக்குக் கடினம், அரிசி எளிது. கை நடுங்கினாலும் விரலால் தள்ளிச் சரிசெய்யலாம்.

ஒரு கப் பச்சரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், ஐந்தாறு சொட்டு உணவு வண்ணம். மூன்றையும் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடிக் குலுக்கச் சொல்லுங்கள். வினிகர் வண்ணத்தை அரிசி முழுவதும் பரப்பிப் பிடிக்கவைக்கிறது. வாடை காய்ந்ததும் போய்விடும். அரிசியைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி விசிறிக்கடியில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். குவியலாக விட்டால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். மஞ்சள் நிறத்துக்குக் கடை வண்ணம் தேவையில்லை, மஞ்சள்தூளைக் கொஞ்சம் வினிகரில் குழைத்தால் அருமையான நிறம் வரும்.

கெட்டி அட்டையில் வட்டத்தட்டை வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். அதை எட்டாகப் பிரிக்க, முதலில் கூட்டல் குறி, பிறகு பெருக்கல் குறி. ஓர் இதழுக்கு என்ன நிறம் என்று பிள்ளை முடிவு செய்யட்டும். நடுவிலிருந்து வெளியே போவதுதான் வசதி, வெளியிலிருந்து உள்ளே வந்தால் மணிக்கட்டு பட்டுக் கலைந்துவிடும். நிரந்தரமாக வேண்டும் என்றால் ஓர் இதழில் மட்டும் பசை தடவி, அரிசி தூவி, அழுத்தி, கவிழ்த்துத் தட்டிவிட்டு அடுத்த இதழுக்குப் போகலாம். மிஞ்சிய அரிசியை நிறம் நிறமாகப் புட்டியில் வைத்தால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறுபடி எடுக்கலாம். இது சமைக்கிற அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை

ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, சிறுவர் தினம் அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை. அதற்குப் பின்னாலேயே தீபாவளி. ஓர் உத்தி தெரிந்துகொண்டால் மூன்றுக்கும் அட்டை ஆகிவிடும். இந்த உத்தியை நான் விரும்பிச் சொல்லித்தருவதற்குக் காரணம், இரண்டே இரண்டு வெட்டில் தட்டையான தாள் எழுந்து நிற்பது. அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

1. ஏ4 தாள் ஒன்றைப் பாதியாக மடியுங்கள். மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்துங்கள்.

2. மடிப்புப் பக்கத்தின் நடுவில் 3 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் உள்நோக்கி 4 செ.மீ. நேர்க்கோடு போடுங்கள்.

3. மடித்தபடியே, இரண்டு கோட்டையும் மடிப்பிலிருந்து தொடங்கி வெட்டுங்கள். நடுவில் ஒரு பட்டை கிடைக்கும். அதை ஒருமுறை முன்பக்கம், ஒருமுறை பின்பக்கம் மடித்து அழுத்திப் பழையபடி வையுங்கள்.

4. தாளைப் பாதி திறந்து, பட்டையை விரலால் உள்பக்கம் தள்ளுங்கள். படிக்கட்டின் ஒரு படிபோல் எழுந்து நிற்கும். மூடி அழுத்தித் திறந்தால் தானாகவே எழும்.

5. வேறொரு தாளில் வரைந்து வெட்டிய படத்தை அந்தப் படியின் முன்முகத்தில் மட்டும் குச்சிப் பசையால் ஒட்டுங்கள். அப்புறம் கெட்டி வண்ண அட்டையை மடித்து இதற்கு வெளியுறையாக ஒட்டுங்கள், படியின் பின்னால் பசை படாமல்.

படத்தின் உயரம் 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அட்டையை மூடும்போது விளிம்புக்கு வெளியே தலை நீட்டும். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லாமல், பசையில்லாமல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். உள்ளே எழுதும் வரி தமிழில் இருக்கட்டும். தமிழாசிரியருக்கு என்றால் கட்டாயம்.

அகல்விளக்குக்கு வண்ணம்

தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலை, கேம்பல் லேன் பக்கக் கடைகளில் வெறும் மண் அகல் கிடைக்கும். வண்ணம் பூசியதை வாங்காதீர்கள், வெறும் அகலை வாங்கிப் பிள்ளையிடம் கொடுங்கள்.

அகலை மூன்று நான்கு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். சுட்ட மண் தண்ணீரைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழி வரும், பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இப்படி ஊறி எடுத்த அகல் பின்னால் எண்ணெயை அதிகம் உறிஞ்சாது. ஒரு முழுநாள் காயவிட்டு, முதலில் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு. அது இல்லாமல் பூசினால் மண்ணின் செந்நிறம் எல்லா வண்ணத்தையும் மங்கடிக்கும். அரை மணி நேரம் கழித்து விருப்பமான நிறம். புள்ளி வைக்கத் தூரிகையை விடக் காது குடையும் பஞ்சுக் குச்சி எளிது.

உள்பக்கத்திலும், திரி வைக்கும் மூக்கைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கும் வண்ணம் படக் கூடாது. சுடர் அங்கேதான் நிற்கும், வண்ணம் கருகிப் புகையும். ஏற்றுவது பெரியவர் வேலை. அடியில் ஒரு தட்டு, பக்கத்தில் திரைச்சீலையோ காகிதத் தோரணமோ கூடாது. வாசலில் வைத்தால் நடைபாதையில் வருபவர் கால் படாத இடமாகப் பாருங்கள்.

உப்பு மாவு வேண்டாம், சோள மாவுக் களிமண் செய்யுங்கள்

மைதா, உப்பு, தண்ணீர் பிசைந்து பொம்மை செய்து ஓவனில் காயவைக்கும் முறை எல்லா நாட்டிலும் பிரபலம். இங்கே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நன்றாகக் காய்ந்த பொம்மைகூடச் சில வாரத்தில் பிசுபிசுத்து மெத்தென்று ஆகிவிடும்.

இதைச் செய்யுங்கள்: 65 கிராம் சோள மாவு (சூப் கெட்டியாகப் போடும் வெள்ளை மாவு), 230 கிராம் பேக்கிங் சோடா, 150 மி.லி. தண்ணீர். அடிகனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைப்பது பிள்ளை. மிதமான தீயில் கிளறுவது நீங்கள். முதலில் நீர்மோர்ப் பதத்தில் இருக்கும், ஐந்து நிமிடத்துக்குமேல் திடீரென்று திரளும், மசித்த உருளைக்கிழங்குப் பதம் வந்ததும் இறக்குங்கள். தட்டில் கொட்டி ஈரத்துணி மூடி ஆறவிட்டுப் பிள்ளை பிசையட்டும். பட்டுப்போன்ற வெள்ளைக் களிமண் வரும். அரை செ.மீ. தடிமனுக்குத் தேய்த்து, பிஸ்கட் அச்சால் வெட்டி, தொங்கவிட ஸ்ட்ராவால் ஓட்டை போட்டு, விசிறிக்கடியில் இரண்டு நாள். இடையில் சிலமுறை திருப்பிப் போடாவிட்டால் ஓரம் வளைந்துகொள்ளும். பார்க்கப் பலகாரம் மாதிரியே இருக்கும். இவ்வளவு சோடா வயிற்றுக்கு ஆகாது, வாயில் வைக்கும் தம்பி தங்கை இருக்கும் வீட்டில் கவனம்.

ஓவனைப் பற்றிச் சில வார்த்தை

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் பெரிய ஓவன் இல்லை. டோஸ்டர் ஓவனும் ஏர் ஃப்ரையரும் போதும், ஆனால் அவற்றின் குணம் தெரிய வேண்டும். டோஸ்டர் ஓவனில் சூட்டுக்கம்பி உணவுக்கு மிக அருகில் இருப்பதால் மேற்புறம் சீக்கிரம் கருகும். நடுத்தட்டில் வையுங்கள், பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள், மேலே நிறம் ஏறிவிட்டால் அலுமினியத் தாளைக் கம்பியில் படாமல் மூடுங்கள். ஏர் ஃப்ரையரில் விசிறி சூட்டைச் சுழற்றுவதால் ஓவன் அளவை விட 20 டிகிரி குறைத்து, நேரத்தையும் குறைக்க வேண்டும். அதில் பேக்கிங் பேப்பரை வெறுமனே போட்டு முன்சூடு செய்யாதீர்கள். காற்றில் எழும்பிக் கம்பியில் ஒட்டித் தீப்பிடிக்கும். மேலே எப்போதும் ஏதாவது எடை இருக்க வேண்டும்.

எதுவுமே இல்லையா? இட்லிப் பானை இருக்கிறதே. அது பற்றி மஃபினில் சொல்கிறேன்.

நெய் பிஸ்கட்

முதன்முதலாகச் சுடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. முட்டை இல்லை, மின்கலப்பி இல்லை, மாவை வெட்ட அச்சு இல்லை. சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் தீபாவளித் தட்டில் பல தலைமுறையாக இருக்கும் பலகாரம், ஆகவே பாட்டிக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஏறக்குறைய 22 பிஸ்கட் வரும்.

மைதா 150 கிராம், ஐசிங் சுகர் 60 கிராம், நெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மொறுமொறுப்பு வேண்டும் என்றால் மைதாவில் 30 கிராமைக் குறைத்து அதற்கு ஈடாக வறுத்த மெல்லிய ரவை போடலாம். ஏலக்காய்த்தூள் உங்கள் விருப்பம். நான் கட்டாயம் போடுவேன்.

நெய்தான் இதில் எல்லாம். நம் சமையலறைச் சூட்டில் நெய் பாதி உருகித் திரவமாக நிற்கும். அந்த நிலையில் மாவில் ஊற்றினால் உருண்டை ஓவனில் பரந்து தட்டையாகிவிடும். எடை பார்த்த நெய்யைப் பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

1. மைதா, ஐசிங் சுகர், பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் சேர்த்துச் சல்லடையில் சலிக்க வேண்டும். ஐசிங் சுகர் இங்கே சீக்கிரம் கட்டிபிடிக்கும், கட்டியைக் கரண்டியால் அமுக்கிச் சலித்துவிடலாம்.

2. நெய்யில் முக்கால் பங்கைப் போட்டு விரல் நுனியால் கலக்க வேண்டும். இப்போது புட்டு மாவுப் பதம் வரும்: பிடித்தால் பிடி நிற்கும், தட்டினால் உதிரும். பிள்ளையை இங்கே நிறுத்தித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பதம் கைக்குப் பழகிவிட்டால் அளவே பார்க்காமல் செய்யலாம்.

3. மீதி நெய்யைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை மாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நெய். வெடிப்பு மறைந்து, உருண்டை லேசாக மினுங்கி, கையில் ஒட்டாமல் நழுவினால் போதும். நெய் மிஞ்சினால் மிஞ்சட்டும், முழுவதையும் போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. மாவு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும்.

4. ஒவ்வோர் உருண்டையும் 14 கிராம். தராசில் வைத்துப் பார்த்து உருட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். பேக்கிங் பேப்பரில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, முள்கரண்டியால் லேசாக ஒரு கோடு பதிக்கலாம். 20 நிமிடம் குளிர்பெட்டியில்.

5. 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஏர் ஃப்ரையரில் 140 டிகிரியில் 12 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

மேலே வெளுப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் இளம்பொன்னிறம் ஆகியிருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கிறது, வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். நெய் பிஸ்கட் ஆறும்போதுதான் இறுகும். சூட்டோடு தூக்கினால் கையிலேயே பொடிந்துபோகும். தட்டோடு அரை மணி நேரம் விடுங்கள். பிள்ளையைக் காத்திருக்கவைப்பது இந்தச் செய்முறையிலேயே கடினமான பகுதி, அந்த நேரத்தில் பாத்திரம் கழுவும் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது.

சலி, பிசை, உருட்டு, பதம், வெடிப்பு. இந்தச் சொற்களை வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பது சிரமம். மாவில் கை இருக்கும்போது தமிழில் பேசுங்கள், அவை தானாக வாயில் வரும்.

வாழைப்பழ மஃபின்

தோல் கறுத்துவிட்ட வாழைப்பழத்தை எறியாதீர்கள். பழுக்கப் பழுக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, கறுத்த பழம்தான் மஃபினுக்கு இனிப்பும் மணமும் தரும். ஈரச்சந்தையில் கிடைக்கும் சின்ன பிசாங் மாஸ் பழமும் அருமையாக இருக்கும்.

மசித்த பழம் 250 கிராம், முட்டை ஒன்று, சர்க்கரை 80 கிராம், எண்ணெய் 75 மி.லி., செல்ஃப் ரைசிங் மாவு 180 கிராம், பேக்கிங் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. செல்ஃப் ரைசிங் மாவு இல்லையென்றால் அதே அளவு மைதாவுடன் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். முட்டை சேர்க்காத வீட்டில் அதற்குப் பதிலாக நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தயிர். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து குமிழி விடுவதால் மஃபின் நன்றாகவே எழும்பும். இந்த அளவுக்குப் பத்து மஃபின்.

ஒரு பாத்திரத்தில் பழத்தை முள்கரண்டியால் மசித்து, முட்டை, சர்க்கரை, எண்ணெய் சேர்த்து நன்றாக அடிக்கலாம். இதுவரை எவ்வளவு அடித்தாலும் கெடுதல் இல்லை. இன்னொரு பாத்திரத்தில் மாவு, சோடா, உப்பு. இரண்டையும் சேர்த்தபிறகு கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்ட வேண்டும், வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். மைதாவில் உள்ள புரதம் ஈரம் பட்டு அடிவாங்க வாங்க நார்போல் இறுகும். பரோட்டா மாவுக்கு அது வேண்டும், மஃபினுக்கு வேண்டாம். சின்னக் கட்டி இரண்டு இருந்தாலும் பரவாயில்லை. கலந்த மாவைக் காக்கவைக்கவும் கூடாது. ஓவனை முதலிலேயே சூடாக்கி வைத்திருந்தால் குமிழி போவதற்குள் உள்ளே வைத்துவிடலாம்.

காகிதக் கிண்ணத்தில் முக்கால் உயரத்துக்கு ஊற்றி 180 டிகிரியில் 20 நிமிடம். ஏர் ஃப்ரையரில் 160 டிகிரியில் 14, 15 நிமிடம், காகிதம் மட்டும் என்றால் சரிந்துவிடும், சிலிகான் கிண்ணத்துக்குள் வையுங்கள். நடுவில் பல்குச்சி குத்தினால் ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும்.

இட்லிப் பானையில் செய்வதென்றால், நெய் தடவிய சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் பாதி உயரம் ஊற்றி, தண்ணீர் கொதித்தபின் உள்ளே வைத்து 15 முதல் 18 நிமிடம். மூடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆவி சொட்டி மேலே குழி விழும். துணியின் நுனி தீயில் படாமல் மூடியின் மேலே முடிச்சுப் போட வேண்டும். மேலே பொன்னிறம் வராது. மற்றபடி பஞ்சு மாதிரி இருக்கும், ஆறியபின்னும் வறளாது. ஓவன் இருந்தும் இப்படிச் செய்பவர்கள் உண்டு.

மஃபினில் ஈரம் அதிகம். வெளியில் ஒரு நாள், குளிர்பெட்டியில் மூன்று நாள். நெய் பிஸ்கட் டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும், அவ்வளவு நாள் இருந்தால்.

கையில் சூடு பட்டால்

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மஞ்சள், நெய் எதையும் தடவ வேண்டாம், அவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரம் என்றால் 995. ஓவனுக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காமல் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள், காற்று கிடைக்காமல் தானே அடங்கும். சுடாத மாவைப் பிள்ளைகள் நக்கிப் பார்ப்பார்கள், அதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மைதாவிலும் கிருமி இருக்க வாய்ப்புண்டு.

அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது

செய்த பிஸ்கட்டை இரண்டு கதவு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: பெயர், செய்த தேதி, உள்ளே என்னென்ன. மலாய் அண்டை வீட்டுக்கு என்றால் நெய், மாவு, சர்க்கரைப் பொட்டலங்களில் ஹலால் முத்திரை இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மஃபினில் மார்ஷ்மெல்லோ வைப்பதாக இருந்தால் அதன் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள், வெனிலா எசன்ஸ் சிலவற்றில் ஆல்கஹாலும் உண்டு. சைவம் சாப்பிடுபவருக்கு முட்டை இருக்கிறதா இல்லையா என்பது தெரிய வேண்டும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது கடலை, முந்திரி சேர்க்காதீர்கள், வகுப்பில் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம், ஆசிரியரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டை எழுத வேண்டியதும் பிள்ளைதான். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வரைந்துவிடச் சொல்லுங்கள்.